நெல்மணி அளவு இடைவெளி

அன்புள்ள மகனுக்கு,

நீ கேட்டது அப்பாவின் காகிதங்களை. நான் எழுதுவதோ கடிதம். அதற்காக முதலிலேயே மன்னித்துக்கொள். கப்பலுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது, பாஸ்போர்ட் அலைச்சல், குளிருக்கு உடுப்புத் தைக்கிற அலைச்சல், ஊருக்கு வந்துபோக நேரமில்லை, அலுமாரியில் இருக்கிற காகிதக் கட்டை அப்படியே தபாலில் அனுப்பிவிடுங்கள் என்று நாலு வரி எழுதியிருந்தாய். நாலு வரிக்கு நாலு வரியில் பதில் எழுதுகிறவள்தான் நான். இந்த ஐந்து நாளில் மூன்று தடவை அப்படி எழுதி, மூன்றையும் கிழித்துப் போட்டேன். விமானப் பொறியியல் படிக்கப் போகிற பிள்ளைக்கு, லண்டனில் இறங்கியவுடன் ஒரு சட்டத்தரணியைப் பார்த்து, அப்பா செய்த எஞ்சின் விசிறியைக் களவெடுத்த கம்பெனியிடம் நியாயம் கேட்கவேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது என்று உன் கடிதத்தின் ஓரத்தில் பார்த்தேன். நீ போய்க் கேட்டால் அவர்கள் தங்கள் கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து உன் முன்னால் வைப்பார்கள். அது என் கையெழுத்தில் இருக்கும். அதை அந்நியர் ஒருவரின் மேசையில் நீ முதன்முதலாகப் பார்க்கக் கூடாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்பு பேனை பிடித்தவர் எவரும் இல்லை. வவுணதீவில் வயல் செய்தவர்கள். மிஷன் பள்ளிக்கூடத்து அம்மணி ஒருவர் என்னைத் தன் பொறுப்பில் எடுத்து விடுதியில் வைத்துப் படிப்பித்து, கொழும்புக்கு அனுப்பினார். நான் பி.ஏ. பாஸாகித் திரும்பி வந்த நாளில் துறையில் ஊரே நின்றது. தோணியிலிருந்து இறங்க வெட்கப்பட்டு, எல்லாரும் போகட்டும் என்று பாயை மடிப்பதுபோலக் குனிந்துகொண்டே இருந்தேன். அடுத்த வருஷம் என்னை மாமி மகனுக்குக் கட்டிவைத்தார்கள். நான் பிறந்தபோதே பேசி முடித்த பேச்சு அது. அவர் ஐந்தாம் வகுப்புவரை தமிழ் படித்தவர், தோணி கட்டுகிற தகப்பனிடம் வேலை பழகி, றோட்டுப் போடுகிற அரசாங்கக் கந்தோரின் பட்டறையில் தச்சராக இருந்தார். கொழும்பில் என்னோடு படித்த பெண்கள் உன் புருஷன் என்ன செய்கிறார் என்று எழுதிக் கேட்டார்கள். 'பொறியியல் பகுதியில்' என்று பதில் எழுதினேன். பொய்யில்லை. ஆனால் அந்த வார்த்தையைத் தேடிப் பிடிக்க எனக்கு ஒரு பின்னேரம் முழுவதும் பிடித்தது. இனி நான் சொல்லப்போவது எல்லாம் அந்தப் பின்னேரத்திலிருந்து முளைத்ததுதான்.

அந்தக் கூச்சம் அவருக்குத் தெரியும். என்னை ஏற்றிப்போகச் சைக்கிளோடு நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு வருவார். வாசலில் நிற்கமாட்டார், நாலைந்து மரம் தள்ளி வாகை மரத்தடியில் நிற்பார். ஒருநாள் கேட்டேன், "ஏன் மச்சான் அவ்வளவு தூரத்தில நிக்கிறீங்க?" என்று. "உன்ட பிள்ளையள் பாக்கும் புள்ள, கையெல்லாம் கிறீஸ்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழைக்கு ஒதுங்கி நின்றேன் என்பதுபோலச் சொன்னார். வாசலுக்கு வாருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ எவரையாவது கலியாணம் செய்தால், அவள் உனக்காக எந்த மரத்தடியில் நிற்கிறாள் என்று கவனித்துப் பார்.

விசிறி தொடங்கிய கதை உனக்குப் பாதி தெரியும். வாவியை அளக்க வந்த அரசாங்கத்து மோட்டார்த் தோணியின் அடி விசிறியில் பாசியும் வலையும் சுற்றி, நாளுக்கு நாலுதரம் நின்றுபோகும். அதைக் கழற்றிப் பூட்ட அப்பாவை அனுப்பினார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி பிய்த்துக்கொண்டிருந்தவர், விசிறி தண்ணிக்குள்ளேதான் இருக்கவேண்டுமா என்று யோசித்தார். காற்றுக்குள் வைத்தால் எந்த வலையும் சுற்றாது. புளியந்தீவில் இரும்புப் பட்டறை வைத்திருந்த பீலிக்ஸ் அங்கிளிடம் உடைந்த மோட்டார்க் காரின் எஞ்சின் ஒன்று கிடந்தது. பறங்கிக்காரர், வாய் ஓயாதவர், ஆனால் இரும்பு அவர் சொன்னபடி கேட்கும். இருவரும் சேர்ந்து பெரிய தோணி ஒன்றின் பின்பக்கத்தில் அந்த எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். விசிறியை அப்பா செதுக்கினார். முதிரை மரத்தில் செதுக்கியது பாரம் கூடிப்போனது, பாலை மரம் வெடித்தது, கடைசியில் தோணி கட்டுகிற சாவண்டலை மரத்தில் பிடிவாதமாக நின்றார். ஒரு இறகைச் சீவி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு அதன் விளிம்பில் விரலை ஓட்டுவார். திறந்துகொண்டு பார்த்தால் கண் ஏமாற்றும் என்பார்.

முதல் ஓட்டத்துக்குக் கரையில் நல்ல கூட்டம். "அண்ணே, நாங்க ஆத்துக்க மீன் புடிக்கப் போற. நீங்க காத்துப் புடிக்கப் போறீங்களா?" என்று வலைக்காரர் ஒருவர் கேட்டார். "ஓம், ஒரு கூடை உனக்கும் கொண்டாறன்," என்றார் அப்பா. "ஓடினா மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி," என்றார் பீலிக்ஸ் அங்கிள், "ஓடாட்டி இவன்ட தலையில ரெண்டு." ஓடியது. உனக்கு அப்போது மூன்று வயது. என் இடுப்பில் இருந்துகொண்டு காதைப் பொத்திச் சிரித்தாய். ஆனால் அப்பாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. இறகைச் சரிவு குறைவாகச் செதுக்கினால் தோணி இலேசாகக் கிளம்பியது. வேகம் பிடித்தபின் எஞ்சின் வீணாக அலறியதே தவிரத் தோணியைத் தள்ளவில்லை. சரிவு கூட்டிச் செதுக்கினால் ஓட்டத்தில் நல்லாயிருந்தது, ஆனால் கிளம்பும்போது எஞ்சின் திணறி நின்றது. இரண்டு விசிறி செய்து மாறிமாறிப் பூட்டிப் பார்த்தார். பிறகு மாதக்கணக்காக ஒன்றும் செய்யவில்லை. வாவிக்கரையில் போய் நின்று, தோணி வலிக்கிறவர்களின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் பள்ளிக்கூடத்துக்கு வரும் ஆங்கிலச் சஞ்சிகைகளை அவருக்குத் தமிழில் வாசித்துச் சொல்வேன். எங்கள் இருவருக்கும் இடையில் உண்மையாகப் பேச்சு நடந்தது அந்த நேரத்தில்தான். ஆகாயவிமானப் படங்கள் வந்தால் சஞ்சிகையை என் கையிலிருந்து வாங்கிவிடுவார். "இதுக்கும் கிளம்பக்குள்ள ஒரு சரிவு, பறக்கக்குள்ள ஒரு சரிவு வேணுமே. இவங்க என்னண்டு சமாளிக்கிறாங்க?" என்று ஒருநாள் கேட்டார். அதைப்பற்றி இதில் எழுதவில்லை என்றேன். "அப்ப அவங்களுக்கும் சரிவரயில்ல," என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நீ என்னைவிட நன்றாக விளங்கிக்கொள்வாய். இறகுகள் வந்து சேரும் நடுக்குடத்தில் அவற்றை இறுக்கிப் பூட்டவில்லை. ஒவ்வொரு இறகின் அடியையும் பீலிக்ஸ் அங்கிள் அடித்துக் கொடுத்த இரும்புக் குழிக்குள் கொஞ்சம் இளக்கமாக உட்காரவைத்தார். அடியில் ஒரு சிறு கைபோல நீட்டி, நுனியில் ஈயக் குண்டு வைத்தார். விசிறி வேகமாகச் சுற்றும்போது குண்டு வெளியே இழுபட்டு இறகைத் தானாகவே திருப்பும். வேகம் குறைந்தால் ஒரு வில்லுக் கம்பி அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். எல்லாம் அந்த இளக்கத்தில்தான் இருந்தது. கூடினால் இறகு நடுங்கும், குறைந்தால் திரும்பாது. சரியான அளவைத் தன் கொப்பியில் இப்படி எழுதியிருந்தார்: காய்ந்த பச்சைப்பெருமாள் நெல்மணி ஒன்று குறுக்குவாட்டில் போகவேண்டும், இரண்டாவது போகக் கூடாது. நெல்லை வைத்துத்தான் அளந்தார். அந்த விசிறி ஓடிய நாளில் கரையில் கூட்டமில்லை, எங்களைத் தவிர. தோணி மெல்லக் கிளம்பி, நடு வாவிக்குப் போனதும் எஞ்சினின் அலறல் சட்டென்று தணிந்தது, பாரம் தூக்கியவன் தோள் மாற்றியதுபோல. பீலிக்ஸ் அங்கிள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "டேய், தானாத் திரும்புதடா," என்று மட்டும் சொன்னார். அவர் வாயடைத்துப்போய் நான் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

இங்கிலாந்தில் விமான விசிறி செய்கிற கம்பெனி ஒன்றுக்கு எழுதிப்போடலாம் என்று சொன்னவள் நான்தான். விலாசம் சஞ்சிகையில் இருந்தது. அவர் பென்சிலால் எழுதிய முப்பத்தாறு பக்கங்களை ஆங்கிலத்தில் மாற்றுவதும் படங்களை மையில் வரைவதும் என் வேலை. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் சந்தோஷமாகச் செய்தேன். நெல்மணி வந்த இடத்தில் பேனை நின்றது. அதை வாசிக்கப்போகும் வெள்ளைக்காரர் ஒருவரின் முகம் என் மனக்கண்ணில் தெரிந்தது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். இருவரும் பச்சைப்பெருமாள் என்று எழுத்துக்கூட்டிச் சிரிக்கிறார்கள். அதோடு என் படிப்பும் சேர்ந்துகொண்டது. சுற்றுகிற யந்திரத்தில் இளக்கமான பூட்டு ஒரு குறை என்று நான் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆடுகிற இறகை நம்பி மனிதர் ஆகாயத்தில் போவார்களா? ஓடுகிறதைக் கண்ணால் பார்த்தவள் நான். பார்த்ததை விட்டுப் படித்ததை நம்பினேன். சரிவை நிலத்தில் வைத்தே மாற்றி, பிறகு ஆணியால் இறுக்கிப் பூட்டிக்கொள்ளலாம் என்று எழுதினேன். ஈயக் குண்டுகள் பாரத்தைச் சமப்படுத்த என்று எழுதினேன். படத்தில் அவர் இடைவெளி காட்ட இரண்டு கோடாக வரைந்திருந்த இடத்தில் நான் மையால் ஒரே கோடாக இழுத்தேன். பார்க்க வடிவாக இருந்தது.

தபாலுக்குப் போடுகிற நாள் காலையில் வேலைக்குப் புறப்பட்டவர் திரும்பி வந்து கதவடியில் நின்றார். "நெல்லுமணி விஷயம் எழுதினியா புள்ள?"

"ஓம்."

"பச்சைப்பெருமாள் எண்டு?"

"ஓம் மச்சான்."

"அங்க அந்த நெல்லு கிடைக்குமோ தெரியா. இந்தா, இதையும் உறைக்குள்ள போட்டுவிடு." சட்டைப் பையிலிருந்து இரண்டு மணி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று போகவேண்டியது, மற்றது போகக் கூடாதது. அவர் சைக்கிள் மூலை திரும்பும்வரை பார்த்திருந்து உறையை ஒட்டினேன். நெல்லை முற்றத்தில் மேய்ந்த கோழிக்குப் போட்டேன்.

பதில் வர ஐந்து மாதம் ஆனது. மரியாதையான கடிதம். நிலத்தில் வைத்துச் சரிவு மாற்றும் விசிறிகள் ஏற்கனவே பலரால் செய்யப்படுகின்றன, உங்கள் வரைபடத்தில் புதிதாக எதையும் காணவில்லை, முயற்சிக்கு நன்றி என்று இருந்தது. நான் எழுதியதைத்தான் அவர்கள் படித்தார்கள், சரியாகவே படித்தார்கள். அப்பாவுக்கு வாசித்துச் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டார். "நெல்லுமணியப் பத்தி ஒண்டும் சொல்லயில்லையா?" என்றார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தை. "அப்ப அது பிழையாத்தான் இருக்கும். படிச்ச மனிசர் பாத்திருப்பாங்க," என்றார். மகனே, அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்கவேண்டும். இன்னொரு கடிதம், இன்னுமொரு முத்திரை, அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஆனால் அதற்கு முன் ஒரு வாக்கியம் சொல்லவேண்டியிருந்தது. அந்த வாக்கியத்தை என்னால் சொல்ல முடியவில்லை. என் கூச்சத்தை ஊரார் அடக்கம் என்று புகழ்வார்கள். நீயும் என்னைப்போலவே அதிகம் பேசாத பிள்ளை. யாராவது உன்னையும் அப்படிப் புகழ்ந்தால் நம்பாதே. வாயை மூடிக்கொண்டிருப்பதால் நமக்கு என்ன லாபம் என்று ஒருமுறை உன்னையே கேட்டுப் பார்.

அடுத்த கிழமை அப்பா எஞ்சினைக் கழற்றிப் பீலிக்ஸ் அங்கிளிடம் கொடுத்துவிட்டார். அங்கிள்தான் துள்ளினார். "களவெடுத்துப்போட்டானுகள்! இப்ப வேணாமெண்டு சொல்லுவானுகள், நாளைக்கு அவனுகள்ட பிளேனில பூட்டுவானுகள், பாத்துக்கொண்டிரு." துறையில் சொன்னார், கள்ளுத் தவறணையில் சொன்னார், உன்னை மடியில் வைத்துக்கொண்டும் சொன்னார். அப்பா ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை என்பதை நீ கவனித்தாயோ தெரியாது. யாராவது பேச்செடுத்தால், "இல்ல, என்ட கணக்குத்தான் பிழைச்சிட்டுது," என்று எழுந்து போய்விடுவார். களவெடுத்தார்கள் என்ற கதை எனக்கு வசதியாக இருந்தது. அந்தக் கதையில் என் பெயர் இல்லை. அதனால் அதை உன்னோடு வளரவிட்டேன். நீ அந்தக் கோபத்தில் படித்தாய், அந்தக் கோபத்தில்தான் இந்தப் புலமைப்பரிசிலும் உனக்குக் கிடைத்தது. உனக்குப் பதினொரு வயதில் அப்பா மலேரியாக் காய்ச்சலில் போனார். கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்தேன். அவர் பிதற்றலில்கூட விசிறியைப்பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று பலநாள் என்னையே தேற்றிக்கொண்டேன். இப்போது அதுவும் நம்பிக்கையில்லை.

யுத்த நேரத்தில் ஒரு விமானம் பழுதாகி எங்கள் வயற்கரைப் பக்கம் ஆழமில்லாத தண்ணீரில் இறங்கியதைக் கேள்விப்பட்டிருப்பாய். நீ அப்போது கொழும்பில். கரைக்கு இழுத்துவைத்திருந்தார்கள். ஊர் முழுக்கப் பார்க்கப் போனது, நானும் போனேன். காவலுக்கு நின்ற நம்மூர்ப் பையன் என்னிடம் படித்தவன். "ரீச்சர், தொடப்படாது, பாக்கலாம்," என்றான். பார்த்தேன். விசிறியின் நடுக்குடத்தில் இறகு நுழையும் இடத்தில் வட்டமாக ஒரு பிளவு தெரிந்தது. வெள்ளைக்கார மெக்கானிக் ஒருவர் சாமான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் முன்பின் தெரியாத ஆண் ஒருவரிடம் என் வாழ்க்கையில் நானாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்: பறக்கும்போது இந்த இறகு தன் குழிக்குள் திரும்புமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். சேலை கட்டிய பெண் அதைக் கேட்டதில் அவருக்கு ஆச்சரியம். திரும்பாவிட்டால் இது இந்த மரங்களுக்கு மேலே எழும்பாது அம்மா என்றார். நன்றி சொல்லிவிட்டு வரம்பு வழியாக வீட்டுக்கு நடந்தேன். வரம்பு முடியுமட்டும் எதிரில் வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

அவர்களுடையது அப்பாவினுடைய விசிறி அல்ல. அது எண்ணெய் அழுத்தத்தால் திரும்புவது என்று பிறகு படித்தேன். எத்தனையோ பேர் எத்தனையோ இடங்களில் அதே கேள்வியோடு இருந்திருக்கிறார்கள். ஆகவே களவும் இல்லை, கள்ளரும் இல்லை. அப்பாவின் வழி ஆகாயத்தில் சரிவந்திருக்குமா, அல்லது இறகுகள் பிய்த்துக்கொண்டு பறந்திருக்குமா என்பதும் எனக்குத் தெரியாது. கொப்பியை எடுத்து எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், என் படிப்பு அதற்குப் போதாது. அவர் பிழை என்று சொல்ல உரிமையுள்ள ஒருவர்கூட அவர் எழுதியதைப் படிக்காமலே அவர் தன்னைப் பிழையென்று நம்பிச் செத்துப்போனார். நான் செய்தது அதுதான். அவருக்குப் பேர் கிடைக்கவில்லை, பணம் கிடைக்கவில்லை என்று நான் அழவில்லை. அவருடைய ஒரு யோசனைக்கு ஒரு வாசகர் கிடைக்கவில்லை. கிடைத்த ஒரே வாசகி நான், நான் வெட்கப்பட்டேன்.

இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஆளும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் நான் பி.ஏ. ரீச்சர், பயந்து ஒதுங்கிப் போவார்கள். பீலிக்ஸ் அங்கிளும் போன வருஷம் கண்ணை மூடிவிட்டார். பின்னேரம் வீட்டுக்கு வந்து கொப்பிகள் திருத்துவேன். பிள்ளைகளின் வாக்கியத்தைச் சிவப்பு மையால் வெட்டுமுன் இந்தப் பிள்ளை என்ன சொல்ல நினைத்தது என்று இப்போதெல்லாம் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். சிலவேளை வெட்டாமலே விட்டுவிடுகிறேன். நீயும் அங்கே போய்ப் பெரிய படிப்புப் படித்தபின், கையில் கிறீஸோடு எவனாவது வந்து தன் அளவில் ஒன்றைச் சொன்னால், உன் அளவுக்கு அதை மாற்ற அவசரப்படாதே. முதலில் அவன் அளவில் செய்து பார்.

கம்பெனியிடம் நீ போகக் கூடாது என்பதை இனி நான் சொல்லத் தேவையில்லை. போனால் வெட்கப்படுவது அவர்களல்ல, நீ. உன் கோபம் நியாயமானது, ஆள்தான் மாறிவிட்டது. அதை என்மேல் திருப்பிக்கொள். சுமக்க மாட்டேன் என்று சொல்லமாட்டேன். அப்பாவின் கொப்பியை மட்டும் மகனாக இல்லாமல், பரீட்சை விடைத்தாள் திருத்துகிறவனைப்போலப் படி. அவர் சரியென்றால் ஒரு வரி எழுது. பிழையென்றாலும் எங்கே பிழை என்று எழுது. மரியாதைக்காக மழுப்பாதே. மழுப்பல் போதும் அவருக்கு.

அந்தக் கொப்பியை வைத்து உன்னை இங்கே வரவழைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தபாலில் தொலைந்துபோகும், நேரில் வந்து எடுத்துக்கொள் என்று எழுதினால் நீ வந்திருப்பாய். முதலில் கிழித்த மூன்று கடிதங்களிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். இனிமேல் உன்னிடம் அந்த மாதிரி ஒன்றும் செய்யமாட்டேன். கொப்பி, படங்கள், கம்பெனியின் கடிதம் எல்லாவற்றையும் துணியில் சுற்றி, பதிவுத் தபாலில் இத்துடன் அனுப்புகிறேன். உனக்கு வேண்டியதெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. இந்த வீட்டுக்கு நீ வர இனி ஒரு காரணமும் இல்லை. வராமலிருக்கத்தான் காரணம் கொடுத்திருக்கிறேன்.

கேட்கப் பழகாதவள், கேட்கிறேன். கப்பலேறுவதற்கு முன் ஒருநாள் வந்து போ, மகனே. என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

உன் அம்மா